ஹிமாவும் நமது மலையும்: காடு காக்கும் சட்டங்கள் வந்த வழி



ஃபிக்ஹு வகுப்பில் வேட்டையின் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "ஹஜ்ரத், முயல் ஹலால்தானே?" என்று கேட்டார். "ஹலால்தான். நான்கு மத்ஹபுகளிலும் அதுவே சட்டம்" என்றோம். "அப்படியென்றால் எங்கள் மாமாவுக்கு ஏன் அபராதம் போட்டார்கள்? அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" என்றார். கரிசல் காட்டில் இரவு நேரத்தில் முயல் பிடித்த அவருடைய மாமா அகப்பட்டு, பெருந்தொகை கட்டி மீண்டு வந்திருக்கிறார். வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளும் நம் முகத்தையே பார்த்தார்கள்.

அன்று சுருக்கமாக ஒரு பதில் சொல்லி அனுப்பினோம். அந்தப் பதில் நமக்கே நிறைவாக இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் அந்த நீல மலை யாருடையது, அதைக் காக்க யார் எப்போது சட்டம் செய்தார்கள், அந்தச் சட்டங்களை நமது மார்க்கம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளைக்கு உரிய பதில் கிடைக்கும் என்று தோன்றியது. அந்த முயற்சியே இக்கட்டுரை.

குரைப்பொலி எட்டும் தூரம்

காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் வேலியிட்டுக் காப்பது ஐரோப்பியர் கொண்டுவந்த புது வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அரபு நாட்டில் இஸ்லாத்துக்கு முன்பே அதற்கு 'ஹிமா' என்ற பெயர் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பது அதன் பொருள். ஆனால், அது யாருக்காகப் பாதுகாக்கப்பட்டது என்பதே கேள்வி.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அந்த அறியாமைக் காலத்து வழக்கத்தை விளக்கியுள்ளார்கள். வலிமை மிக்க தலைவன் ஒருவன் செழிப்பான நிலத்துக்கு வந்தால், உயரமான ஓரிடத்தில் ஒரு நாயைக் குரைக்கவிடுவான். அந்தக் குரைப்பொலி எத்திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு நிலமும் அவனுக்கு மட்டுமே ஹிமா. பிறருடைய கால்நடைகள் அதற்குள் நுழையக் கூடாது. அவனுடைய கால்நடைகளோ பிறர் மேய்க்கும் இடங்களிலும் சென்று மேயும்.

நபி (ஸல்) அவர்கள் இந்த வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரியதே அன்றி வேறு எவருக்கும் உரியதன்று என்று அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தனி மனிதன் தன் ஆதாயத்துக்காகப் பொது நிலத்தை வளைத்துக்கொள்ள முடியாது. பொது நன்மைக்காக மட்டுமே அதை ஒதுக்க முடியும் என்று இதற்கு அறிஞர்கள் விளக்கம் தந்தனர். மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்ற இடத்தை நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்காக ஹிமாவாக ஒதுக்கினார்கள்.

மதீனா நகரை அதன் இரு பக்கத்துக் கரும்பாறை நிலங்களுக்கு இடையே புனித எல்லையாக அறிவித்ததும் அவர்களே. அங்கே மரம் வெட்டலாகாது, வேட்டையாடலாகாது. இந்தத் தடை பேச்சளவில் நிற்கவில்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அகீக் பகுதியில் இருந்த தமது கோட்டைக்குச் செல்லும் வழியில், தடுக்கப்பட்ட எல்லைக்குள் ஓர் அடிமை மரம் வெட்டுவதைக் கண்டு, அவனிடமிருந்த பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். அடிமையின் எசமானர்கள் வந்து திருப்பிக் கேட்டபோதும் தர மறுத்துவிட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. எல்லை மீறி மரம் வெட்டியவரிடம் பொருளைப் பறிமுதல் செய்வது நமது வரலாற்றுக்குப் புதியதன்று என்பதை அந்த மாணவர் அறிய வேண்டும்.

முயலின் செய்தியும் அதே புகாரியில்தான் உள்ளது. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் அனஸ் (ரலி) அவர்கள் ஒரு முயலைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆக, முயல் ஹலால். ஆயினும் அதே முயலை மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாட முடியாது. இஹ்ராம் அணிந்த ஹாஜி எங்கிருந்தாலும் தரையில் வாழும் எந்தப் பிராணியையும் வேட்டையாட முடியாது. உண்ண ஆகுமான பிராணியை ஓரிடத்தில், ஒரு காலத்தில் தொடாதிரு என்று கட்டளையிடுவது ஹலாலை ஹராமாக்குவதாகாது.

ஹுனைக்கு இட்ட கட்டளை

உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் ரபதா, ஷரஃப் ஆகிய இடங்களை ஹிமாவாக ஒதுக்கினார்கள். ஹுனை என்ற தமது பணியாளரை ஹிமாவின் காவலராக நியமித்தபோது அவர்கள் கூறிய அறிவுரையை நமது ஊரின் ஒவ்வொரு பெரியவரும் அறிந்திருக்க வேண்டும். அதன் கருத்தைச் சொல்கிறோம்.

மக்களிடம் கடுமை காட்டாதே; அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள் என்று தொடங்கினார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃபுடைய மந்தையையும் இப்னு அஃப்பானுடைய மந்தையையும் உள்ளே விடாதே என்றார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய அவ்விருவரும் சுவர்க்கம் கொண்டு நன்மாராயம் பெற்றவர்கள், பெருஞ்செல்வர்கள். அவர்களது கால்நடைகள் மடிந்தாலும் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் மந்தை மடிந்தால், அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது என்று காரணமும் சொன்னார்கள்.

அத்துடன் இன்னொரு செய்தியையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். நான் தங்களுக்கு அநீதி இழைத்துவிட்டதாக அம்மக்கள் எண்ணுகிறார்கள். அது அவர்களுடைய மண். அறியாமைக் காலத்தில் அதற்காகப் போரிட்டவர்கள் அவர்கள். பொதுத் தேவைக்கான வாகனப் பிராணிகள் மட்டும் இல்லையென்றால் அவர்களது நிலத்தில் ஒரு சாணைக்கூட நான் ஹிமாவாக்கியிருக்க மாட்டேன் என்பது அவர்களது வாக்கின் கருத்து.

மாவர்தி (ரஹ்) அவர்கள் ஆட்சிச் சட்டங்கள் பற்றி எழுதிய நூலில் ஹிமாவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தலைமை மட்டுமே ஒதுக்கலாம். பொது நன்மைக்காகவே ஒதுக்கலாம். செல்வர்களுக்கென்று மட்டும் ஒதுக்குவது கூடாது என்பன போன்ற வரையறைகளை அறிஞர்கள் இவ்வாறு தொகுத்தனர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நமது நாட்டு வரலாற்றுக்கு வருவோம்.

துரைமாரின் சட்டங்கள்

தமிழ் நாட்டில் எழுத்தில் பதிவான பழைய பாதுகாப்புகளில் ஒன்று வேடந்தாங்கல். அங்கே ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளையர் சுட்டனர். ஊர் மக்கள் முறையிட்டனர். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடலாகாது என்று ஊராருக்கு உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர் அறிந்திருந்தனர். 1858இல் அந்த உறுதி புதுப்பிக்கப்பட்டது. மக்களே வேண்டிப் பெற்ற காப்பு என்பதால் அது நிலைத்தது.

அதன் பின் வந்தவை அப்படிப்பட்டவை அல்ல. கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் தேக்கு முதலிய மரங்கள் தேவைப்பட்டன. 1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கப்பட்டு, மருத்துவரான ஹியூ கிளெகார்ன் அதன் தலைவரானார். 1873இல் காட்டு யானைகளைக் காக்கும் சட்டம் இம்மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்குச் சட்டம் வந்தது. துரைமார் சுடுவதற்கு விலங்கு மீதம் இருக்க வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். குரைப்பொலி எட்டும் தூரத்துக்கு வேலியிட்ட அரபுத் தலைவனின் ஹிமாவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு நேர்மையான குரலும் எழுந்தது. காடெல்லாம் அரசுக்கே சொந்தம் என்ற கருத்தைச் சென்னை வருவாய் வாரியமே 1871இல் ஏற்க மறுத்தது. கிராம மக்களின் பொது உரிமை இல்லாத காடு இம்மாகாணத்தில் அரிது என்பது அதன் நிலைப்பாடு. அதனால் 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் சென்னைக்குப் பொருந்தாமல் போய், 1882இல் சென்னை வனச் சட்டம் தனியே வந்தது. 'ரிசர்வ் காடு' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சில் கலந்தது அதன் பிறகுதான். அந்தச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் மேய்ப்பதும், வெட்டுவதும், வேட்டையாடுவதும் குற்றம். உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயரும் மலைவாழ் மக்களும் எத்தனை பேர் மனுக் கொடுத்திருப்பர் என்று சொல்லத் தேவையில்லை.

ஜமீன் காடு பொதுக் காடான கதை

நமது பகுதியில் மலைச்சரிவின் பெரும் பகுதி சிவகிரி, சிங்கம்பட்டி முதலிய ஜமீன்களிடம் இருந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகும் முன் மரத்தை வெட்டி விற்றுவிடும் போக்கைத் தடுக்க, 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கலெக்டரின் அனுமதி இல்லாமல் தனியார் காட்டை விற்கவோ மரம் வெட்டவோ கூடாது என்று அது விதித்தது.

1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டையும் இணைத்து 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. அதே 1988இல் நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாக உயர்ந்தது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நமது மலைப்பகுதியில் சுமார் 356 சதுர கிலோமீட்டர் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். புலி, யானை மட்டுமன்று. மயில், கவுதாரி, முயல் ஆகியனவும் அதன் அட்டவணையில் உள்ளன. காட்டுக்கு வெளியே, நமது கரிசல் நிலத்தில் திரியும் முயலுக்கும் அச்சட்டம் பொருந்தும். மாணவரின் மாமா அகப்பட்டது இதனால்தான். 1976இல் காடும் வனவிலங்கும் மத்திய மாநில அரசுகளின் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. இயற்கையைக் காப்பது குடிமக்களின் கடமை என்றும் அரசமைப்பில் எழுதப்பட்டது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் இசைவு இல்லாமல் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப முடியாதவாறு செய்தது.

அமெரிக்காவிலும் இதையொத்த வரலாறு உண்டு. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாயிற்று. 1964 செப்டம்பர் 3ஆம் நாள் வனாந்தரச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். சாலையும் கட்டடமும் இல்லாமல் விட்டுவைக்க வேண்டிய நிலம் என்று 91 லட்சம் ஏக்கர் அன்று ஒதுக்கப்பட்டது. மக்கள் அங்கே நடக்கலாம், தங்கிச் செல்லலாம், குடியேற முடியாது. ஆனால், அந்நிலங்களில் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகள் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விலை கொடுப்பவர் யார்?

உமர் (ரலி) அவர்களின் கேள்வி இங்கேதான் நம் முன் நிற்கிறது. காட்டைக் காப்பதால் ஊர் முழுவதும் நன்மை பெறுகிறது. மலையில் காடு நின்றால்தான் ஓடையில் நீர் வரும், குளம் பெருகும், தாமிரபரணி ஓடும். ஆனால், அதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை.

வடகரை, புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓர் இரவில் யானைகள் இறங்கினால் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடக்கும். அவர்களில் நமது சமுதாயத்தவரும் உண்டு. இழப்பீடு உண்டு என்று விதி இருக்கிறது. அது போதிய அளவில், உரிய காலத்தில் கைக்கு வர வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

மலையடிவாரத்துப் பளியரும், காரையாற்றுப் பக்கத்துக் காணிக்காரரும் சரணாலயம் என்ற சொல் பிறக்கும் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டு 2006இல் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் வழக்குகளால் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

மாஞ்சோலையையும் நினைக்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, பாம்பே பர்மா நிறுவனம் தேயிலைத் தோட்டம் அமைத்தது. 2018இல் அந்நிலம் ரிசர்வ் காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டு, அவர்கள் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகள் அவை. காடு மீள வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. பேரீச்சந் தோட்டம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வாசலில் ஒரே விதமாக நிறுத்தப்படலாகாது என்பதையே ஹுனைக்கு இட்ட கட்டளை நமக்குக் கற்பிக்கிறது.

காப்பை அடியோடு நீக்கிவிட்டாலும் ஏழைக்கு நன்மை விளைவதில்லை. அரபு நாட்டில் நூற்றாண்டுகளாக நிலவிய ஹிமாக்களின் தடைகள் 1950களில் நீக்கப்பட்டன. மந்தைகள் தடையின்றி நுழைந்தன. பல மேய்ச்சல் நிலங்கள் மொட்டையாயின. இன்று லெபனான் முதலிய நாடுகளில் ஊர் மக்களின் பொறுப்பிலேயே ஹிமாக்களை மீண்டும் உயிர்ப்பிக்கின்றனர்.

மாணவருக்கு நமது பதில்

அன்புள்ள தம்பி, உங்கள் மாமா உண்ண எண்ணியது ஹலாலான பிராணியே. ஆனால், ஆகுமான ஒன்றைப் பொது நன்மை கருதித் தலைமை தடுக்கும்போது அதற்குக் கட்டுப்படுவதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் வழி. முயலை அறுத்துண்ண வேண்டிய கட்டாயம் நம்மில் எவருக்கும் இல்லை. பூமியில் ஊர்வனவும் இரு சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அந்தச் சமுதாயங்களுக்கும் இந்த மண்ணில் பங்கு உண்டு.

அதே நேரம், உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. இரவில் முயல் பிடித்த ஏழையிடம் கடுமை காட்டும் சட்டம், மலையையே குடைந்து கல்லும் மண்ணும் அள்ளும் செல்வரிடமும் அதே கடுமையைக் காட்டுகிறதா என்று கேட்பது பாவமன்று. அது உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியைச் சட்டத்தை மீறிக் கேட்கக் கூடாது. கிராம சபையிலும் மனுவிலும் நீதிமன்றத்திலும் கேட்க வேண்டும்.

நமது பங்குக்கு நாம் செய்ய வேண்டியவையும் உள்ளன. பெருநாள் மறுநாள் குடும்பத்தோடு குற்றாலத்துக்கும் மலையடிவார ஓடைகளுக்கும் செல்கிறோம். அது ஆகுமான இன்பமே. திரும்பும்போது பிரியாணித் தட்டுகளையும் பாலித்தீன் பைகளையும் அங்கேயே விட்டு வருவது எந்த மத்ஹபில் ஆகும்? மக்கள் நடக்கும் வழியிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வனத்துறைத் தடுப்புக்கு முன்னால் நின்று, இது அல்லாஹ்வின் பூமி, நீ யார் தடுக்க என்று வாதாடுவோர், அல்லாஹ்வின் பூமி என்பதால்தான் அதைப் பாழாக்க நமக்கு உரிமை இல்லை என்பதை எண்ண வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இதே செய்தியை நமது மஹல்லாப் பிள்ளைகளிடம் பேச எண்ணியுள்ளோம். அந்த மாணவரின் மாமாவையும் வருமாறு அழைத்திருக்கிறோம். குற்றவாளியாக அன்று, அவர் சொல்வதையும் கேட்பதற்காகவே அழைத்தோம். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சும் உள்ளத்தையும், ஒப்படைக்கப்பட்ட பூமியைப் பேணும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.